தயிர் இல்லாத சாப்பாடு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் விடப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. உடம்பு கெடாமல் அதில் நீ நிலைத்து நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நம் சாம்பார், ரசம், பொரியல், இட்லி, புட்டு எதற்கும் பால் தேவையில்லை. நெய் இருந்த இடத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள். தயிரும் காப்பியும்தான் உன்னைப் படுத்தும்.

தயிருக்கு வேர்க்கடலை. ஒரு கப் பச்சைக் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் தோலைக் கசக்கி நீக்கு. தோல் இருந்தால் துவர்க்கும். மூன்று கப் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு மைய அரைத்து மெல்லிய துணியில் பிழி. சிறு தீயில் கிண்டிக்கொண்டே இரு, சட்டென்று அடிப்பிடிக்கும். நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போனதும் இறக்கு. முதல் முறை உறைக்கு, கழுவிய பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டு போதும். பால் வெதுவெதுப்பாக ஆறிய பிறகே போடு. சூட்டில் போட்டால் தோயாது. பெங்களூரு குளிருக்கு 12 மணி நேரம்கூட ஆகும். முதல் தயிர் நீர்த்துத்தான் இருக்கும். அதில் இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்று, கெட்டிப்படும். பூஞ்சையோ இளஞ்சிவப்பு நிறமோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடு.

காப்பிக்குச் சோயா பால் வாங்கினால் சர்க்கரை சேர்க்காததாக, கால்சியம் சேர்த்ததாகப் பார். கால்சியம் அடியில் தங்கும், குலுக்கி ஊற்று. கொதிக்கும் டிகாஷனில் குளிர்ந்த பாலை விட்டால் காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து திரிந்துவிடும். பாலைத் தனியே சூடாக்கி, டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கல.

கடைப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தாலும் பால் பவுடர் இருக்கலாம், பின்பக்கம் படி. ஹோட்டலில் வெண்பொங்கல், பரோட்டா, ரவா தோசை மூன்றையும் கேட்டுவிட்டுச் சாப்பிடு. நெய், முட்டை, மோர் ஒளிந்திருக்கும் இடங்கள் அவை.

கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பருப்பு, சுண்டல் தினமும் வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், காப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. இல்லாவிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வைட்டமின் பி12 எந்தச் செடியிலிருந்தும் நம்பும்படி கிடைக்காது. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசியில் இருக்கிறது என்பார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரிய வருடங்கள் ஆகலாம். கை கால் மரத்துப்போன பிறகு விழித்தால் நரம்பு முழுக்கத் தேறும் என்று சொல்ல முடியாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம் என்பதால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாதே. தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம். ஒரு வேளையில் உடல் உறிஞ்சுவது மிகக் குறைவு, அதனால்தான் வார மாத்திரை அவ்வளவு பெரிய அளவு.

மாத்திரை தொடங்கினால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், உண்மை நிலை தெரியாது. ஆகவே முதலில் பி12, வைட்டமின் டி இரண்டுக்கும் பரிசோதனை எடுத்து மருத்துவரிடம் காட்டு. டி மாத்திரை எழுதித் தந்தால் எதிலிருந்து எடுத்தது என்று கேள். டி3 என்ற வகை பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா