செவ்வாய்க்கிழமை இனி இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஏழு மாதமாக எழுதாததற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. மூட்டுவலிக்கு நீயாகவே செய்துகொள்ளும் வைத்தியத்தைப் படித்துவிட்டு என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத்தில் போட முடியாது. பேத்தியின் படம் பார்த்தோம். மூக்கு உன் மூக்கு, பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். வேறு யார் வாய் வழியாகவாவது உன் காதுக்கு எட்டுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். (குடைக்காரர் உனக்குத் தொலைபேசியில் பேசுவார். அவர் சொன்னால் எப்படிச் சொல்வார் என்று உனக்கே தெரியும்.) நம் கூட்டுறவுத் திரையரங்கில் நம் ரசனைப் படங்களுக்கென்று வைத்திருந்த செவ்வாய்க்கிழமைக் காட்சியை நிறுத்திவிட்டோம். ‘நிறுத்திவிட்டோம்’ என்று பன்மைக்குள் ஒளிந்துகொள்வதும் நியாயமில்லை. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். நான்கு பேர் தொடரலாம் என்றார்கள், நான்கு பேர் நிறுத்தலாம் என்றார்கள். ஒன்பதாவது கை என்னுடையது. நிறுத்தலாம் என்றுதான் தூக்கினேன்.

திட்டு. திட்டி முடித்த பிறகு மேலே படி. எனக்கு இதை யாரிடமாவது அடியிலிருந்து சொல்லியாக வேண்டும்.

நீ இங்கிருந்து கிளம்பும்போது உன் இடத்தில் என்னைத் தள்ளிவிட்டுப் போனாய். ‘உனக்குப் படம் பார்க்கத் தெரியும், அது போதும்’ என்றாய். அது எதற்குமே போதவில்லை. மூன்று ஆண்டுகளில் நாற்பது கூட்டமாவது உட்கார்ந்திருப்பேன். அவற்றில் சினிமாவைப் பற்றிப் பேசிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு குறும்படத்தின் நீளம்கூடத் தேறாது. கூரை ஒழுகல், காப்பீடு, தீயணைப்புச் சான்றிதழ், கழிவறைக் குழாய், தணிக்கையாளர் கேட்டு நாங்கள் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு வவுச்சர்: இவைதான் எங்கள் திரைக்கதை. போன ஆண்டின் மிக நீண்ட விவாதம் மூன்றாம் வரிசை நாற்காலியைப் பற்றியது. இரண்டே கால் மணி நேரம். ஆமாம், அதே நாற்காலிதான். சிரிக்காதே. அதன் பூர்வகதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடாமல் தடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நூறு பங்குக்காரர் மாறவே இல்லை. ‘நூறு பங்கு வைத்திருக்கும் எனக்கும், ஒரே பங்கு வைத்துக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கும் ஒரே ஓட்டா?’ என்று ஒவ்வொரு பேரவையிலும் எழுந்து கேட்கிறார். கணக்கு டீச்சரும் ஒவ்வொரு முறையும் சளைக்காமல் 1844-ஆம் ஆண்டை எடுத்து விரிக்கிறார். இங்கிலாந்தின் ராக்டேலில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கடை திறந்தது, மாவும் வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் விற்றது, பணத்துக்கு ஓட்டில்லை ஆளுக்குத்தான் ஓட்டு என்று அவர்கள் வைத்த விதியை உலகமே எடுத்துக்கொண்டது என்று வரிசையாக வரும். நூறு பங்குக்காரர் உட்கார்ந்துவிடுவார். அடுத்த ஆண்டு மறுபடியும் எழுவார். இது நம் சங்கத்தின் நிலைய வித்துவான் கச்சேரி மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான தொல்லை வெளிச்சத்தில் ஆரம்பித்தது. படம் மங்கலாகத் தெரிகிறது என்று பல மாதமாகவே புகார். எங்கள் உறுப்பினர்களில் வயதானவர்கள் அதிகம், அவர்கள் கண்தான் மங்கியிருக்கும் என்றார் நூறு பங்குக்காரர். அவருக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. கடைசியில் ஆபரேட்டர் அண்ணன் எங்கிருந்தோ ஒளி அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். இரவுக் காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு வெறும் வெள்ளை வெளிச்சத்தைத் திரையில் விட்டு, நடு இருக்கையில் உட்கார்ந்து அளந்தோம். திரையின் மையத்தில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் நியதி. கருவி 9-க்கும் கீழே காட்டியது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கருவியை என் கையில் கொடுத்து, ‘நீயும் ஒரு முறை பார், தம்பி’ என்றார்.

மறுநாள் காலையில் புரொஜெக்டரின் விளக்கை மாற்றினார். நீ அதைப் பார்த்ததில்லை, பார்த்திருக்க வேண்டும். ஸெனான் விளக்கு எரியாமல் சும்மா கிடக்கும்போதே உள்ளே வாயு பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். கை தவறினால் அந்தக் குவார்ட்ஸ் குமிழ் சில்லுச் சில்லாக வெடிக்கும். அதனால் முகத்துக்கு மறைப்பு, கனத்த மேலங்கி, முழங்கை வரை கையுறை. அறுபத்தெட்டு வயது மனிதர், பிறந்த குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் அதை எடுத்தார். மூச்சுவிட நான்தான் மறந்துபோனேன். கழற்றிய விளக்கைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து மூடும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணாடியின் உட்புறமெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. குறித்த மணிநேரத்தைத் தாண்டியும் எரியவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று குழுவில் முடிவெடுத்திருந்தோம். தீர்மானத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த விளக்கின் பக்கத்தில் தினமும் அவர் நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புது விளக்கிலும் 12-க்கு மேல் ஏறவில்லை. புரொஜெக்டருக்கே வயதாகிவிட்டது, உதிரிபாகங்கள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. இனி லேசர்தான். ஸெனான் விளக்கின் ஆயுளைச் சில நூறு மணியிலோ ஓரிரண்டாயிரம் மணியிலோ கணக்கிடுவார்கள் என்றால் லேசரைப் பல்லாயிரம் மணியில் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை ஒரே நேரத்தில் எண்ணி வைக்க வேண்டும். சேமநிதி மூன்றில் ஒரு பங்குக்குக் காணும். உறுப்பினர்கள் கூடுதல் பங்கு எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. மீதிக்குக் கடன். கடன் கொடுப்பவர் கேட்டது ஒரே கேள்வி: அரங்கு நிறைகிற வாரம் ஆண்டுக்கு எத்தனை?

அதற்கு விடை பெரிய படம். பெரிய படம் என்றால் விநியோகஸ்தர். ஒரே திரை வைத்திருப்பவனின் தலையெழுத்தை நீ இருந்த காலத்தில் நாம் இவ்வளவு அனுபவிக்கவில்லை. இப்போது நிபந்தனை இது: படம் வெளியாகும் நாளிலிருந்து இரண்டு வாரம், எல்லா நாளும், எல்லாக் காட்சியும் அவர்கள் படம்தான். அந்தத் திரையில் வேறு எதுவும் கூடாது. நாங்கள் ஒரே ஒரு செவ்வாய் மாலையைக் கேட்டுப் பார்த்தோம், கிட்டத்தட்டக் கெஞ்சினோம். ‘அப்படியானால் மூன்றாம் வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள், மிக மரியாதையாக. மூன்றாம் வாரத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் யார் மிஞ்சியிருப்பார்? முதல் வார வசூலில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் போகிறது. வாரம் ஏற ஏற எங்கள் பங்கு கூடும், ஆனால் கூட்டம் அதற்குள் கரைந்திருக்கும். முழுதாக எங்களுக்கென்று நிற்பது தின்பண்டக் கடை வருமானம் ஒன்றுதான். கலைக்கோயிலைக் காப்பாற்றுவது பொரிப் பொட்டலம் என்று நீ கிண்டல் செய்வாய். செய். பொருளாளர் அந்த வரியைத் தன் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே போடுகிறார்.

இனி அந்தக் கடைசிச் செவ்வாயைச் சொல்கிறேன். கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

படம் நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. ஆனால் இப்போது படம் பூட்டிய பெட்டியாகத்தான் வருகிறது. நம் அரங்கின் இயந்திரத்துக்கென்றே தனியாக ஒரு டிஜிட்டல் சாவி அனுப்புவார்கள். இன்ன நாள், இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை என்று அதற்கு ஒரு காலவரம்பு இருக்கும். சாவியும் வந்திருந்தது. காட்சிக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் தெரிந்தது, அதில் போட்டிருந்த நேரம் அனுப்பியவர்களின் நாட்டுக் கடிகாரப்படி. நமக்கு அது நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும். அண்ணன் ஆபரேட்டர் கூண்டில் நின்று அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ரீல் காலத்தில் பெட்டி வராமல் காட்சி நின்றிருக்கிறது. பெட்டி மடியில் இருந்தும் நின்றது இதுதான்’ என்றார். பிறகு அவரே கீழே இறங்கிப் போய், அரங்கில் இருந்த 11 பேரிடமும் சொன்னார்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. பணம் திருப்பிக் கேட்கவும் இல்லை. விளக்கெல்லாம் எரிய, வெள்ளைத் திரைக்கு முன்னால், பார்க்காத படத்தைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண் இருக்கிறாள், எப்போதும் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பாள். அவள் அந்த இயக்குநரின் முந்தைய படத்தில் வரும் ஒரு படிக்கட்டை நோட்டில் வரைந்து எல்லோருக்கும் காட்டினாள். நான் கதவருகில் நின்று கேட்டேன். இதற்காகத்தானே நாம் அன்றைக்கு வீடு வீடாக ஏறிப் பங்கு விற்றோம் என்று நினைத்தேன். தொண்டையை அடைத்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்த 11 பேரில் உறுப்பினர் எத்தனை பேர் தெரியுமா? நான்கு. மறுநாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மற்ற ஏழு பேரும் ஆண்டுக்கணக்காக வருகிறவர்கள், ஒரு பங்கு எடுக்கவில்லை. பங்கு எடுத்த நானூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று நடக்கிறது என்பதையே அறியாதவர்கள். அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். படம் மங்கலாக இருந்தது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். அரங்கு அவர்களுடையது. நாம் இருவரும் நம் ரசனைக்கு அவர்கள் பணத்தில் வாடகை கட்டிக்கொண்டிருந்தோமோ என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியது. தோன்றியது போகவே இல்லை.

கூட்டத்தில் கணக்கு டீச்சர் பிரமாதமாகப் பேசினார். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் முதன்முதலில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியபோது வந்தவர்கள் 33 பேர்தான். 11 அப்படியொன்றும் கேவலமான எண் அல்ல என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் லண்டனில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு தொடங்கியது என்றும், சினிமாவும் அதுவும் ஓராண்டுப் பிள்ளைகள் என்றும் சொன்னார். (இது உனக்குப் பிடிக்கும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கே அன்றுதான் தெரியும்.) பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘டீச்சர், 33 பேர் 33 பேராகவே நின்றிருந்தால் நாம் இன்று இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க மாட்டோம்’ என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு கை தூக்கச் சொன்னார்கள்.

என்னைக் குடைவது நான் எந்தப் பக்கம் தூக்கினேன் என்பதல்ல. அதைப் பத்து முறை யோசித்துவிட்டேன், பத்து முறையும் அதே கைதான். என் கை எவ்வளவு சுலபமாக மேலே போனது என்பதுதான் குடைகிறது. மூன்று ஆண்டுக்கு முன்னால் இருந்த நான் மேஜையைத் தட்டியிருப்பேன், ராஜினாமா என்று மிரட்டியிருப்பேன். இப்போது வட்டி விகிதத்தை மனதில் போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கு சரியாக வந்ததும் தூக்கினேன். இதை முதிர்ச்சி என்று பொருளாளர் பாராட்டினார். அவர் பாராட்டினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆபரேட்டர் அண்ணனிடம் நானே மேலே போய்ச் சொன்னேன். கூண்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘அந்த நோட்டுப் புத்தகக்காரியிடம் யார் சொல்வது?’ என்று மட்டும் கேட்டார். நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இன்னும் சொல்லவில்லை. உனக்கு எழுதிப் பழகிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். வருகிற ஆண்டுப் பேரவையில் குழுவின் முடிவை மாற்றக் கோரித் தீர்மானம் கொண்டுவர முடியும். இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிந்தால் போதும். கணக்கு டீச்சர் வழிமொழியத் தயாராக இருக்கிறார். முன்மொழிய நீ வா. பெரிய படம் இல்லாத வாரங்களில் மட்டும் என்றோ, உறுப்பினராகச் சேர்ந்தால்தான் டிக்கெட் என்றோ, உனக்குத் தோன்றுவதைச் சொல். நான் எதிர்த்துப் பேசுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருந்துகொண்டு கையைத் தூக்கிவிட்டு, பேரவையில் வாயை மூடிக்கொள்ள முடியாது. ஆனால் என்னை நன்றாக எதிர்க்கத் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். குடைக்காரரை நம்பி அதை விட முடியுமா?

பதிலாள் அனுப்புகிறேன் என்று எழுதாதே. பதிலாள் வாக்கு நம் துணைவிதியில் இல்லை. நீயே எழுதிய விதி, ‘ஓட்டுப் போட வருகிற கால்தான் சங்கம்’ என்று வசனம் வேறு பேசினாய். இன்னொன்று: உன் சந்தா இரண்டு ஆண்டு பாக்கி. பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கு இல்லை. நானே கட்டிவிடலாம் என்று பார்த்தேன். குழு உறுப்பினர் ஒருவர் மற்றவர் பாக்கியைக் கட்டினால் அது வாக்கு வாங்குவதாகும் என்று கணக்கு டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார், என்னை எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறவனுக்குத்தான் கட்டுகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே பதினைந்தாம் தேதிக்குள் பணத்தை அனுப்பிவிடு. ரசீதை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய மூன்றாம் வரிசைக்காரன்

பி.கு.: அந்த வைத்தியத்தை உடனே நிறுத்து என்று என் மனைவி மறுபடியும் எழுதச் சொல்கிறாள். ஆபரேட்டர் கூண்டுக்கு இருபத்திரண்டு படி. மூட்டை அதற்குத் தயார் செய்து வை.