எங்கள் பள்ளி யாருடைய பொறுப்பு? எழுத்தில் சொல்லக் கோரி ஒரு மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
சென்னைப் புறநகர்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: ஊராட்சியிலிருந்து மாநகராட்சிக்கு மாறிய பகுதிகளில் உள்ள அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பராமரிப்புப் பொறுப்பு, நிதி, ஆசிரியர் பணியிடம் குறித்துத் தெளிவான ஆணை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தையின் தாய். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராகவும் இருக்கிறேன். கூட்டத்தில் பெற்றோர் எல்லோரும் பேசியதை வைத்து நான் எழுதி, அனைவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட மனு இது.

எங்கள் பள்ளியின் பெயர்ப் பலகையில் இன்றும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இப்போது ஊராட்சியே கிடையாது. மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தபோது தெரு விளக்கு, குப்பை வண்டி, குடிநீர் வரி எல்லாம் எந்த அலுவலகத்துக்கு மாறுகிறது என்று சொன்னார்கள். பள்ளியைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

போன ஜூன் மாதம் மாணவிகள் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். "உங்கள் ஊர் இப்போது எங்கள் எல்லையில் இல்லையே" என்றார்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில், "அந்தக் கட்டடம் எங்கள் சொத்துப் பதிவேட்டில் ஏறவில்லை, செலவு செய்தால் தணிக்கையில் கேள்வி வரும்" என்றார்கள். கல்வி அலுவலகத்தில், ஆசிரியர்களும் பாடமும்தான் தங்கள் வேலை, கட்டடம் தங்களிடம் இல்லை என்றார்கள். மூன்று இடத்திலும் யாரும் எங்களை அவமதிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அவரவர் விதிப்படி சரியாகத்தான் பேசினார்கள். எங்கள் சிக்கலே அதுதான்.

ஏழு வாரம் அந்தத் தொட்டி அப்படியே கிடந்தது. கழிப்பறைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது எனக்கு அவளுக்கு நீர்க்கடுப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் விசாரித்தால் அவள் வகுப்பில் பாதிப் பெண்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். கடைசியில் பெற்றோர்கள் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைத்தோம். ஊராட்சி இருந்தவரை தூய்மைப் பணியாளருக்கு ஊதியம் அங்கிருந்து வந்தது. ஊர் இணைந்த பிறகு அது நின்றுபோனது. இப்போது தலைமை ஆசிரியை தன் கைக்காசைப் போட்டு ஒரு அம்மாவை வரவழைக்கிறார். இது எத்தனை நாள் நடக்கும்?

இது எங்கள் ஒரு பள்ளியின் கதை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் சட்டத்தையும் படித்துப் பார்த்தோம். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரிய பணிகளைச் சொல்கிறது. அதில் 17-வது இனம் கல்வி. தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி என்றே அதில் எழுதியிருக்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 13-வது இனமாக, பண்பாடு, கல்வி, கலை சார்ந்தவற்றை வளர்ப்பது என்று பொதுவாக ஒரு வரி வருகிறது. பள்ளி என்ற சொல்லே அங்கு இல்லை. அதாவது ஒரு கிராமம் நகரமாகிற அன்றைக்கு அதன் பள்ளி சட்டத்தின் சொற்களிலிருந்தே நழுவிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, பள்ளி, கட்டடம், ஆசிரியர் எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி அமைப்புக்குக் கடமை உண்டு என்கிறது. ஆனால் எந்த உள்ளாட்சி என்பதுதானே எங்கள் ஊரில் கேள்வி. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-லேயே அரசு ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். அதனால் சம்பளத்துக்குச் சிக்கல் இல்லை. சுவர், கூரை, தண்ணீர், கழிப்பறை இவைதான் அந்தரத்தில் நிற்கின்றன.

சென்னையில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. அந்தப் பகுதிகளில் இருந்த 139 பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தது ஏறக்குறைய பத்தாண்டு கழித்துத்தான். 2011-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பையே முடித்துவிடும் காலம் அது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சிகள் ஆயின. 2025 தொடக்கத்தில் இன்னும் பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் பத்தாண்டு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அது கட்டுப்படியாகாது.

நிதி பற்றி எங்களுக்கு மனத்தாங்கல் அதிகம். மறைக்காமல் சொல்கிறோம். நகர உள்ளாட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டக் காலத்திலிருந்து வரும் வரி இது. இதற்கென்று ஆரம்பக் கல்வி நிதி என்று தனிக் கணக்கே உண்டு. ஊர் இணைந்த பிறகு எங்கள் வீட்டு வரி கூடியது. அதில் கல்வி வரியும் இருக்கிறது, நாங்கள் கட்டுகிறோம். வரி கட்டும்போது நாங்கள் நகரத்துக்காரர்கள். பள்ளிக்குத் தொட்டி கேட்டால் கிராமத்துக்காரர்கள். எங்கள் வார்டில் வசூலான கல்வி வரியில் ஒரு ரூபாயாவது எங்கள் பள்ளி வாசலுக்கு வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் பள்ளிக்கு நேராக வரும் பணம் என்றால் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மட்டும்தான். 101 முதல் 250 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். மின்விசிறி பழுது, பெயின்ட், துடைப்பம், பினாயில், குழாய் மாற்றுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஒதுக்கினாலும் மாதம் 417 ரூபாய்தான் வருகிறது. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. மாதிரிப் பள்ளிகளுக்கான பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது; தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. பிள்ளைகளுக்கான பணத்தை ஒரு கையெழுத்துக்காக நிறுத்தியது அநீதி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்த வழக்கைக் காரணமாகச் சொல்லி எங்கள் கழிப்பறையையும் காத்திருக்க வைக்கக் கூடாது. உள்ளூரில் வசூலாகும் கல்வி வரிக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

அடுத்தது ஆசிரியர் எண்ணிக்கை. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகையை வைத்து நடக்கிறது. நிலையான கிராமத்துக்கு அது பொருந்தலாம். புறநகருக்குப் பொருந்தாது. இங்கே அடுக்குமாடி எழும்போது ஒடிசா, பீகார், அசாமிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் தீபாவளிக்குப் பிறகும் வருகிறார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்துக்குள்ளிருந்து வெளியே வருபவர்களும் ஆண்டு நடுவில்தான் வருகிறார்கள். ஆகஸ்டில் எங்கள் பள்ளியில் 118 பிள்ளைகள். ஜனவரியில் 143. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 120 வரை நான்கு ஆசிரியர், 121 முதல் 200 வரை ஐந்து. ஆகஸ்டில் நின்ற கணக்கால் எங்களுக்கு நான்குதான். அதிலும் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மூன்று பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஆசிரியர் உபரி என்று வேறு பள்ளிக்கு மாற்ற, அதாவது பணி நிரவல் செய்ய, வழி இருக்கிறது. பிள்ளைகள் கூடிய பள்ளிக்கு ஆண்டு நடுவில் ஒருவரைக் கொடுக்க மட்டும் வழி இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. என் மகளின் பெஞ்சில் உட்காரும் ஒடிசாக் குழந்தை ஆறு மாதத்தில் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாள். அது அந்த ஆசிரியையின் உழைப்பு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள், பதினோரு மணிக்குச் சோர்ந்து படுப்பதில்லை. அரசு மனது வைத்தால் நடக்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த நம்பிக்கையில்தான் இந்த மனுவே.

பிள்ளைகள் எவ்வளவு கற்கிறார்கள் என்பதும் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளக்கும் அசர் ஆய்வு கிராமப்புறங்களை மட்டும் பார்க்கிறது. நாங்கள் கிராமமாகவும் இல்லை, சென்னை நகரக் கணக்கிலும் இல்லை. மாநிலத் திட்டக் குழு 2025-ல் 3, 5, 8 வகுப்புகளுக்கு அடைவுத் தேர்வு நடத்தியது. நல்ல முயற்சி. அதன் முடிவில் எங்கள் பள்ளி எங்கே நிற்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் யாரும் எங்களிடம் வாசித்துக் காட்டவில்லை. அது தெரியாததால்தான் பக்கத்துத் தனியார் பள்ளியின் சீருடையைப் பார்த்துப் பெற்றோர்கள் கடன் வாங்கிப் போகிறார்கள். உண்மை நிலவரம் தெரிந்தால், குறைவாக இருந்தாலும் சேர்ந்து சரிசெய்வோம்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போவது என்பதும் ஒரு பாடு. நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. வரைபடத்தில் அது இருக்கிறது. நடுவில் நான்குவழிச் சாலையும் இருக்கிறது, சுரங்கப்பாதை இல்லை.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். ஊராட்சி நகர அமைப்போடு இணையும் எல்லா இடங்களிலும், பள்ளிக் கட்டடம், தண்ணீர், கழிப்பறை, தூய்மைப் பணியாளர் ஊதியம் ஆகியவை எந்தத் தேதியிலிருந்து யார் பொறுப்பு என்று நகராட்சி நிர்வாகத் துறையோடு கலந்து ஒரே அரசாணையாகப் பிறப்பிக்க வேண்டும். ஏற்கெனவே இணைந்த எங்களைப் போன்ற ஊர்களுக்கு மூன்று மாதத்துக்குள் சொத்துப் பதிவேடு கைமாற வேண்டும். ஆசிரியர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களுடைய பணிமூப்பும் மாறுதல் உரிமையும் கெடக் கூடாது. அவர்கள் துறையிலேயே இருக்கட்டும்.

எங்கள் வார்டுகளில் வசூலான கல்வி வரி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கச் சொல்ல வேண்டும். 2024-ல் குழுக்களை 24 உறுப்பினர்களோடு மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தீர்கள். நல்லது. ஆனால் நாங்கள் மாதந்தோறும் தீர்மானம் போட்டு அனுப்புகிறோம், அது யார் மேசைக்குப் போகிறது என்று தெரிவதில்லை. முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியாது என்றாலும் சரி, ஏன் முடியாது என்று வர வேண்டும்.

புறநகர்ப் பள்ளிகளுக்கு மட்டுமாவது ஜனவரியில் இரண்டாவது முறை மாணவர் எண்ணிக்கை பார்த்து, தேவைப்படும் இடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை அனுப்ப வேண்டும். துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் இருக்கும்போது இது கடினமான வேலை இல்லை. எங்கள் பள்ளியை நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தவும் வேண்டுகிறோம். பின்பக்கத்தில் பள்ளிக்குச் சொந்தமான காலி இடம் இருக்கிறது.

குழுவின் தீர்மான நகல்கள், மூன்று அலுவலகங்களிலும் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், எங்கள் வீட்டு வரி ரசீதுகள் ஆகியவற்றை இதோடு இணைத்திருக்கிறோம். தாங்கள் நேரம் ஒதுக்கினால் எந்த வேலை நாளிலும் நேரில் வருகிறோம். நாங்கள் பெரும்பாலும் கூலி வேலைக்கும் கம்பெனி ஷிஃப்டுக்கும் போகிறவர்கள் என்பதால் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு
மற்றும் கையொப்பமிட்ட பெற்றோர்கள்