அந்த 44 நாளை விட்டுட்டீங்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த பசிபிக் போர் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 1942 மே மாசம் அமெரிக்க, ஆஸ்திரேலியக் கப்பலுங்க ஜப்பானைத் தடுத்த பவளக்கடல் சண்டையாலதான் போர்ட் மோர்ஸ்பி (இன்னைக்கு பப்புவா நியூ கினியோட தலைநகர்) தப்பிச்சதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அது மனசுக்கு ஒப்பல. அதுக்கு முன்னாடி 44 நாள் ஜப்பான்கிட்டேர்ந்து ஊரைக் காப்பாத்தினது யாரு?

நான் அந்த ஊர்ல ஆறு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன். ஒவ்வொரு லீவுக்கும் ஜாக்சன்ஸ் ஏர்போர்ட்லதான் ஏறி இறங்குவேன், யாரு அந்த ஜாக்சன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கடைசி வருஷம் பசங்களைக் கூட்டிக்கிட்டு பொமானா போர்க் கல்லறைக்குப் போனோம், வெட்டிவிட்ட புல்லுக்கு நடுவுல வரிசை வரிசையா வெள்ளைக் கல்லு. அங்கதான் கூட வந்த உள்ளூர் டீச்சர் ஜான் ஜாக்சன்ங்கிற பேரைக் காட்டி இவர் பேருதான் சார் ஏர்போர்ட்டுக்குன்னாங்க. சாகும்போது வயசு 34.

அப்புறம்தான் தேடித்தேடிப் படிச்சேன். ஜாக்சன் தலைவரா இருந்த 75ஆவது ஸ்குவாட்ரன், அதாவது ஆஸ்திரேலிய விமானப்படையோட சண்டை விமானப் பிரிவு, அந்த நாட்டு டவுன்ஸ்வில் ஊர்ல 1942 மார்ச் 4ல ஆரம்பிச்சது, 17 நாள்ல மோர்ஸ்பிக்கு வந்துட்டாங்க, பைலட்டுங்கள்ல முக்கால்வாசிப் பேரு சண்டையே பார்க்காத பசங்க. அதுக்கு முன்னாடி அங்க சண்டை விமானமே கிடையாது, கிட்டிஹாக்ங்கிற சண்டை விமானம் வரும் வரும்னு சொல்லிச்சொல்லி வராததால சிப்பாய்ங்க அதுக்கு 'டுமாரோஹாக்', 'நெவர்ஹாக்'னு பேரு வச்சிருந்தாங்க. கடைசியில நிஜமாவே வந்து தாழப் பறந்தப்ப, எதிரி விமானம்னு நினைச்சு ஆஸ்திரேலியப் பீரங்கிக்காரங்களே சுட்டுட்டாங்க! ஆனா அன்னைக்கே ரெண்டு கிட்டிஹாக் மேல ஏறி வேவு பார்க்க வந்த ஜப்பான் விமானத்தை விழவச்சது, மறுநாளே ஒன்பது விமானம் மலையைத் தாண்டி லே-ங்கிற ஊர்ல இருந்த ஜப்பான் தளத்தையே அடிச்சிட்டு வந்துச்சு.

ஜாக்சன் ஏப்ரல் 10ல லே பக்கம் தனியா வேவு பார்க்கப் போனப்ப சுடப்பட்டு கடல்ல விழுந்தாரு, நீந்திக் கரை சேந்து, உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் வழிகாட்ட நாள்கணக்கா காட்டுல நடந்து வாவ் ஊருக்கு வந்து சேந்தாரு. அங்கேர்ந்து விமானத்துல மோர்ஸ்பிக்குத் திரும்புனப்ப எறங்குற நேரத்துல ஜப்பானோட ஜீரோ சண்டை விமானம் சுட்டு அவரோட விரல் நுனி போச்சு. ஜீரோ லேசான விமானம், டக்குன்னு திரும்பும், கிட்டிஹாக் கனம், அதனால மேலேர்ந்து பாஞ்சு அடிச்சிட்டு விலகிடணும், கட்டிப் புரளக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொன்னவரே அவருதான். மேலதிகாரிங்க ஏன் நேருக்கு நேர் மோதலன்னு கேட்டது அவரைக் குத்திடுச்சு. மறுநாள் ஏப்ரல் 28, மிச்சம் இருந்த அஞ்சு விமானத்தையும் கூட்டிக்கிட்டு ஏறுனவர் திரும்பல. அந்தக் கேள்வியை அவர்கிட்ட கேட்டிருக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. பொறுப்பைத் தம்பி லெஸ் ஏத்துக்கிட்டாரு. மே 3ல ஒரே ஒரு விமானம்தான் பறக்கிற நிலையில இருந்துச்சு, 12 பைலட்டுங்க உயிரை விட்டிருந்தாங்க. ஆனா ஊரு விழல.

இதையெல்லாம் தயவுசெஞ்சு ஒரு தனிக் கட்டுரையா போடுங்க ஐயா. மழையிலயும் கொசுக்கடியிலயும் உடைஞ்ச விமானத்துலேர்ந்து பார்ட்ஸ் கழட்டி இன்னொண்ணுக்கு மாட்டின மெக்கானிக்குகளையும் சேத்துக்குங்க, காட்டுவழியா அவரைக் கூட்டிட்டு வந்த அந்த ரெண்டு பேருக்கும் ஒரு பாரா ஒதுக்குங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்,
திண்டுக்கல்