செயலாளரின் ஆண்டறிக்கை: நடை முடிந்த பின் மீதமிருக்கும் 23 மணி நேரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நடைப்பயிற்சிச் சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

இந்த ஆண்டறிக்கையை ஓர் இழப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நம்மோடு விடியற்காலையில் நடந்துவந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கவாதத்தால் காலமானார். மழை நாளில்கூட நடையைத் தவறவிடாதவர் அவர். இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பல மாதங்களுக்கு முன்பே அவராக நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, தினமும் நடக்கிறேன், பிறகு மாத்திரை எதற்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் தோளோடு தோள் நடந்த நாம் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம்தான் இவ்வாண்டு சங்கத்தின் வேலைகளை வேறு பக்கம் திருப்பியது.

வழக்கமான பணிகள்: காலை நடை தடையின்றி நடந்தது, உறுப்பினர் பதிவேடு புதுப்பிக்கப்பட்டது, செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆண்டுதோறும் வைக்கும் மருத்துவச் சொற்பொழிவை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் அளக்கத் தொடங்கினோம்.

முதல் சில வாரங்கள் தவறாகவே அளந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடந்து வந்த மூச்சு அடங்குமுன், பேசிக்கொண்டே கையை நீட்டினோம். எண்கள் எகிறின, சிலர் பயந்துபோனார்கள். செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர்தான் திருத்தினார். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் உடற்பயிற்சி, காப்பி, புகை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைத் துணிமேல் சுற்றாமல் வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் கட்ட வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இப்போது நடைக்கு முன்பே அளக்கிறோம். வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை மருத்துவரிடம் போகச் சொன்னோம். அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்கவில்லை. சங்கத்தின் வேலை அளந்து சொல்வதோடு சரி. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது பற்றி இங்கே யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அடுத்தது, நாம் உட்கார்ந்திருக்கும் நேரம். லண்டன் இரட்டை மாடிப் பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, மாடிப் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது என்று மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸின் குழு 1953இல் எழுதியது. அந்த நடத்துநர்களுக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. நாமோ காலையில் நடந்துவிட்டுப் பகல் முழுதும் நாற்காலியில் கிடக்கிறோம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை நம்மில் பெரும்பாலோர் எட்டிவிடுகிறோம். அதே பரிந்துரையில் உள்ள, வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை யாரும் செய்யவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என இரண்டை மட்டும் சேர்த்தோம். சாப்பிட்டதும் சற்று நேரம் மெல்ல நடக்கும் பழக்கத்தையும் பலர் பிடித்துக்கொண்டார்கள். இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்கள் இதை விடவே கூடாது. அமெரிக்காவில் அத்தகையவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், சிறிதளவு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உழைப்பும் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. அதே ஆய்வில் நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 31 சதவீதம்தான் குறைந்தது.

உப்பில் ஒரு குழப்பம் தீர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும், நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உப்பின் கணக்கு. பொட்டல உணவுகளின் உறையில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பது சோடியத்தின் கணக்கு. அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு எவ்வளவு என்று தெரியும். பெருக்கிப் பார்த்த பிறகு பலர் சில பொட்டலங்களை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரேயடியாகக் குறைத்தவர்கள் பழையபடி திரும்பினார்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைத்தவர்களின் நாக்கு பழகிக்கொண்டது.

தூங்கும் நேரத்தை எழுதிவைக்கத் தொடங்கிய தூக்கக் குறிப்பேடு தோல்வி. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை, நான் உட்பட. புகையை விட முயன்ற உறுப்பினர்களில் ஒருவர் மீண்டும் தொடங்கி, மீண்டும் விட்டிருக்கிறார். அவரை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புகையை விட்டு ஓராண்டில் இதயநோய் வரும் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. அந்த ஓராண்டைக் கடக்க அவருக்கு நம் துணை வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. அளவீட்டுக் கருவியின் துல்லியத்தை ஆண்டுக்கொருமுறை சோதிப்பது. இருவர் இருவராக நடக்கும் நம் வழக்கத்தில், "இன்று மாத்திரை போட்டீர்களா?" என்று பக்கத்தில் நடப்பவரிடம் கேட்டுவிட்டு அடியெடுத்து வைப்பது. இவற்றையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்