உங்கள் ஸொம்பி நாவலை வாசித்த ஒரு மட்டக்களப்பு மாமியின் மடல்

இளையோர் நாவல்களைத் தேர்ந்து வெளியிடும் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதிப்பகத்தின் பெயரையோ நாவலின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. வாசித்தவர்களுக்குப் புரியும். வாசிக்காதவர்கள் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தரம் 10 படிக்கும் என் அண்ணன் மகள்தான் புத்தகத்தைக் கையில் தந்தாள். "மாமி, ராவைக்கு எடுத்தீங்கண்டா விடிஞ்சாத்தான் வைப்பீங்க" என்றாள். மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒட்டப்போகிறேன் என்றுதான் பாயை விரித்து உட்கார்ந்தேன். முடிக்க 11 நாள் பிடித்தது. இடையில் அட்டையைப் பார்த்த அம்மா, "ஸொம்பியா? சோம்பேறியளப் பத்தின கதையா மனே?" என்று கேட்டார். அப்போது சிரித்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது அம்மா சொன்னதில் பாதி சரி என்று பட்டது. எழுதியவர்தான் சோம்பல்பட்டிருக்கிறார்.

மதில் சூழ்ந்த நகரம். வெளியே செத்தும் சாகாதவர்கள், உள்ளே கொடுங்கோல் அரசு. 16 வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்காக முறைத்துக்கொள்ளும் இரண்டு பையன்கள். இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. பழைய சட்டியிலும் நல்ல கறி வைக்கலாம். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்த நகரத்தில் யார் சமைத்தது?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நோய் பரவி ஏழு வருடம் ஆகிவிட்டது என்கிறது கதை. வயல் இல்லை, தோணி இல்லை, உப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி இல்லை. எல்லாரும் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மதிலில் சாய்ந்து காதலிக்கிறார்கள். ஏழு வருடம் கராஜில் கிடந்த ஜீப் சாவியைத் திருப்பியதும் உறுமுகிறது. பெற்றோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். பற்றரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022இல் பெற்றோல் ஷெட் வரிசையில் இரண்டு இரவு மோட்டார் சைக்கிள் மேலேயே தூங்கிய என் கணவருக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "அந்த ஷெட் எங்க இருக்கு எண்டு கேட்டுச் சொல்லு" என்றார்.

பிணம் தின்னும் கூட்டம் தமிழுக்குப் புதிதா என்ன? 12ஆம் நூற்றாண்டிலேயே செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்துப் பேய்களுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். அவை முதலில் யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, அப்புறம்தான் அடுப்படிக்கு வருகின்றன. செத்தவர் பல்லைத்தான் அரிசியாகக் குற்றுகின்றன. அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் யார் சமைத்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. உங்கள் நாவலில் மனிதருக்கே இல்லை.

ஸொம்பி என்ற சொல் நமக்கு ஹெயிட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நாடு அது. செத்தால் விடுதலை என்று இருந்தவர்களுக்கு, செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்று ஒரு பயம். கடித்துத் தின்னும் வழக்கமெல்லாம் 1968இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்குப் பிறகு சேர்ந்தது. ஆக, அந்தப் பழைய ஸொம்பியைக் கண்டால் ஓடுவதற்கு முன் ஒரு கணம் பாவப்படத் தோன்றும். உங்கள் எழுத்தாளருக்கு அந்த ஒரு கணம் கிடைக்கவில்லை.

212ஆம் பக்கத்துக்கு வருகிறேன். மதிலை உடைத்துக்கொண்டு வரும் கூட்டத்தில் நாயகியின் அண்ணன் இருக்கிறான். சட்டையை வைத்து அடையாளம் காண்கிறாள். சுடுகிறாள். அரைப் பக்கம். அடுத்த அத்தியாயத்தில் முத்தம், அது மட்டும் நாலு பக்கம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 15 வயது, உங்கள் நாயகியைவிட ஒன்று குறைவு. உலகம் முடிந்துவிட்டது என்று நாங்களும்தான் நினைத்தோம். அன்று இரவு நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில், யார் வீட்டிலிருந்தோ வந்த திருவலையில் உட்கார்ந்து ஒரு மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் காலையில் கடற்கரையோர நாவலடிப் பக்கம் போனவன். ஆட்கள் வந்து வந்து "போதும், வையுங்க" என்றார்கள். அவர் வைக்கவில்லை. வெள்ளை முடிந்து சிரட்டை தெரிந்த பிறகும் திருவினார். சம்பலில் சிரட்டைத் தூள் நறநறத்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

மகனின் உடல் கிடைக்கவில்லை. அந்த மாமி இன்றுவரை திவசம் கொடுத்ததில்லை. இரவில் படலையும் பூட்டமாட்டார். கள்ளன் வருவான் என்று சொல்லிப் பார்த்தோம். "பூட்டிக் கிடந்தா அவன் திரும்பிப் போயிருவான்" என்பார். கடலோடு போனவர்கள் மட்டும் இல்லை. போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்காகவும் படம் ஏந்தி நிற்கும் தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். போனவன் எந்தக் கோலத்தில் வந்து படலையில் நின்றாலும் இவர்களுக்கு முதலில் என்ன தோன்றும் என்று நினைக்கிறீர்கள்?

இதை மருமகளிடம் சொன்னேன். "அது அண்ணன் இல்ல மாமி, ஸொம்பி" என்றாள். இருக்கலாம். ஆனால் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்! நாவலே அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்து ஜீப்பில் ஏறிவிட்டார் உங்கள் எழுத்தாளர். பிள்ளைகள் வாசிப்பது, கனம் வேண்டாம் என்று நீங்கள்தான் வெட்டினீர்களோ என்றும் ஒரு சந்தேகம் எனக்கு. இங்கே பிள்ளைகள் அந்தப் படலையைத் தாண்டித்தான் ரியூஷனுக்குப் போய் வருகிறார்கள்.

அட்டைப்படம் அழகு, எழுத்துப் பிழையும் குறைவு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இரண்டாம் பாகம் விரைவில்" என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். மருமகள் எப்படியும் வாங்குவாள், நானும் வாசிப்பேன். ஜீப் ஓடட்டும், விடுங்கள். அந்த அண்ணனுக்கு மட்டும் புத்தகம் முழுக்கத் தேடியும் பெயர் கிடைக்கவில்லை. ஒரு பெயர் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
கல்லடி, மட்டக்களப்பு