செவ்விளக்குப் பெண்கள்: தியான்ஜினில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில், "அந்தப் பொண்ணுங்க நிஜமாவே பறப்போம்னு நம்பினாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாய். உன் கூடப் படிக்கிற சீனப் பெண் இந்தச் செவ்விளக்குக்காரிகளைப் பற்றிச் சொன்னாளாம். அரை நிமிஷத்தில் பதில் சொல்கிற கேள்வியா அது? காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளிடம் கேட்டிருக்கிறாய், நீளமாகத்தான் வரும். ஹாஸ்டலில் சாவகாசமாகப் படி.

நீ இருக்கிற ஊரில் நடந்த கதைதான். 1897-இல், உங்கள் ஊருக்குத் தெற்கே ஷான்டோங் மாகாணத்தில் இரண்டு ஜெர்மன் பாதிரிமார்கள் கொலையானார்கள். அதைச் சாக்காக வைத்து ஜெர்மனி அங்கே ஒரு விரிகுடாவையே பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் மஞ்சள் ஆறு உடைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக மூழ்கடித்தது. அப்புறம் 1899 குளிர்காலம் தொடங்கி மழையே இல்லை. ரயில் வந்ததில் கால்வாய்ப் படகுக்காரர்களுக்குப் பிழைப்பு போனது. விதைக்க வழியில்லாத பையன்கள் ஊர்த் திடலில் கூடிக் குத்துச்சண்டை பழகினார்கள். உடம்பில் சாமி இறங்கிவிட்டால் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பினார்கள். மாதா கோயில்கள் வானத்தை அடைத்து நிற்பதால்தான் மழை வரவில்லை என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டினார்கள். யிஹெதுவான் என்பது அவர்கள் பெயர். நம் பாடப் புத்தகத்தில் அது 'பாக்சர் கலகம்' என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். பெண்களைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு வரி கூடக் கிடையாது.

ஆனால் 1900 வசந்த காலத்திலும் கோடையிலும் தியான்ஜின் தெருவில் ஜனங்கள் அதிகம் பேசியதே பெண்களைப் பற்றித்தான். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள், கல்யாணமாகாத பெண்கள். உடுப்பு முழுக்கச் சிவப்பு. ஒரு கையில் சிவப்பு விளக்கு, இன்னொரு கையில் சிவப்பு விசிறி. விசிறியை வீசினால் மேலே எழும்புவார்கள், மேகத்துக்குள் போவார்கள், கடல் தாண்டிப் போய் அந்நியர்களின் வீட்டில் நெருப்பு வைத்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவார்கள் என்று ஊரே நம்பியது. நாற்பத்தெட்டு நாள் பயிற்சி போதுமாம். ராத்திரியில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "அதோ போகிறது" என்று கை காட்டியவர்கள் உண்டு. கைகாட்டியது நட்சத்திரமாக இருந்திருக்கலாம். அந்தப் பெண்களைத்தான் செவ்விளக்குக்காரிகள் என்றார்கள்.

இங்கே ஒன்றை நினைத்துப் பார். அந்தக் காலத்து வட சீனாவில் பெண் குழந்தைக்கு ஐந்தாறு வயதிலேயே பாதத்தை மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். விரல் எலும்பு முறிந்து அடியில் மடங்கிப்போகும். நீ உடற்கூறு படிக்கிறவள், அந்த வலியை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு தெரு நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டிய ஒருத்தியிடம் வந்து 'நீ பறக்கலாம்' என்றால், அவள் போகாமல் இருப்பாளா? நம்பினாளா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முதல் காரியம், வீட்டை விட்டு வெளியே வந்தாள். தலை வாராதே, பாதத்தைக் கட்டாதே என்று அந்த நாளில் பாட்டே இருந்திருக்கிறது. அந்தப் பாட்டு வெள்ளைக்காரன் தலையை வெட்டுவதில்தான் போய் முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுக்குத் தலைவியாக இருந்தவள் லின் ஹெய்யர். படகுக்காரக் குடும்பத்துப் பெண், கழைக்கூத்து ஆடியவள். அந்நியர்களோடு ஏற்பட்ட தகராறில் மாமனார் சிறைக்குப் போனதால்தான் இதில் இறங்கினாள் என்பார்கள். கால்வாய்க் கரையில் ஹௌஜியாஹௌ என்ற இடத்தில் ஒரு படகு. சுற்றிலும் சிவப்புப் பட்டு கட்டி, 'மஞ்சள் தாமரைத் திருத்தாய்' என்று கொடி ஏற்றி, உள்ளே அவள் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் தேவதை, ஒன்பதாம் தேவதை என்று பக்கத்தில் இரண்டு பெண்கள். குண்டடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். ஊதுபத்திச் சாம்பலும் தண்ணீரும் மந்திரமும்தான் மருந்து. மாகாணத் தலைமை ஆளுநர் யூலூ, ராஜ உடுப்போடு அவள் முன்னால் மண்டியிட்டார் என்று ஒரு கதை இருக்கிறது. மண்டியிட்டாரோ இல்லையோ, அப்படி ஒரு கதை பரவுகிற அளவுக்கு அவளுக்கு மரியாதை இருந்திருக்கிறது. அவளைப் பிடிக்காத படித்த கனவான்கள் வேசி என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னால் வந்து நின்ற எந்தப் பெண்ணை அப்படிச் சொல்லாமல் விட்டார்கள்?

இப்போது எனக்கு ஆறாத இடத்துக்கு வருகிறேன். யிஹெதுவான் ஆண்களுக்குப் பெண் என்றாலே தீட்டு. பெண் எதிரே வந்தால் மந்திரம் பலிக்காது என்று நம்பினார்கள். பெய்ஜிங்கில் பெய்தாங் மாதா கோயிலை ஜூனிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை முற்றுகை போட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்தது நாற்பது சொச்சம் பிரெஞ்சு, இத்தாலிய சிப்பாய்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கிறிஸ்தவர்களும். அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். வெளியே நின்றவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? உள்ளே பெண்கள் இருக்கிறார்கள், மதிலில் தீட்டுத் துணி தொங்க விட்டிருக்கிறார்கள், அதனால்தான் நம் சக்தி வேலை செய்யவில்லை என்பது. அந்தச் சக்தியை மீட்டுக் கொடுக்கத்தான் செவ்விளக்குக்காரிகள் வேண்டியிருந்தது. அவர்கள் சிறுமிகள், கன்னிகள், அதனால் சுத்தமானவர்கள் என்பது கணக்கு. பெண்ணை அவர்கள் சேர்த்துக்கொண்டதும் அவளுடைய உடம்பை வைத்துத்தான், தோற்றால் பழி போட்டதும் அதே உடம்பின் மேல்தான். தீட்டு விஷயத்தில் நான் உன் பாட்டியோடு எவ்வளவு மல்லுக்கு நின்றேன் என்று உனக்குத் தெரியும். அதனால் இதை ஏதோ தூரதேசத்து விசித்திரம் என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

வயதானவர்களுக்கும் தனித்தனியாகக் கூட்டம் இருந்தது. நடுவயதுப் பெண்களுக்கு நீல விளக்கு, கிழவிகளுக்குக் கருப்பு விளக்கு. எனக்குப் பிடித்தவர்கள் மண்சட்டிக் கூட்டம். சண்டைக்குப் போகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள். எத்தனை பேர் சாப்பிட்டாலும் சட்டி குறையாது என்று அவர்களுக்கும் ஒரு மாயம் கட்டிவிட்டார்கள். பஞ்ச காலத்தில் அத்தனை பேருக்கு உலை வைத்தவர்களின் கைவேலையை மாயம் என்று சொல்லிவிட்டால் கூலியும் தர வேண்டாம், பேரும் தர வேண்டாம். மஞ்சள் தாமரைக்காவது ஒரு பெயர் மிஞ்சியது. சட்டிக்காரிகளில் ஒருத்தி பெயரையும் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் வீரக்கதை ஆக்கிவிடாதே. யிஹெதுவான் கையால் செத்தவர்களில் வெள்ளைக்காரர்கள் சில நூறு பேர்தான். ஆயிரக்கணக்கில் செத்தது சீனக் கிறிஸ்தவர்கள், அதில் நிறைய ஏழைப் பெண்கள். ஆற்றோரம் வாங்ஹாய்லோவ் மாதா கோயிலைப் பார்த்திருப்பாய். 1870-இல், கன்னியாஸ்திரிகள் அநாதைக் குழந்தைகளின் கண்ணையும் இதயத்தையும் எடுத்து மருந்து செய்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, கூட்டம் அந்தக் கோயிலை எரித்தது. பத்துக் கன்னியாஸ்திரிகளைக் கொன்றது. திரும்பக் கட்டிய கோயிலை 1900-இல் மறுபடியும் எரித்தார்கள். இப்போது நிற்பது 1904-இல் கட்டியது.

மேலே இருந்தவளும் ஒரு பெண்தான். பேரரசி சிக்ஸி 1900 ஜூன் 21 அன்று அந்நிய நாடுகள் மேல் போர் அறிவித்தாள். ஆகஸ்டில் எட்டு நாட்டுப் படை பெய்ஜிங்கில் நுழைந்ததும் குடியானவப் பெண் மாதிரி நீலப் பருத்தி உடை உடுத்தி வண்டியேறித் தப்பிவிட்டாள். போன கையோடு யிஹெதுவானை ஒழிக்கச் சொல்லி ஆணையும் போட்டாள். அவளுக்குத் தப்பிக்க வண்டி கிடைத்தது. பெய்ஜிங்கிலும் அதன் பக்கத்து ஊரான தோங்ஜோவிலும் சாதாரண வீட்டுப் பெண்களுக்குக் கிணறுதான் கிடைத்தது. சிப்பாய்கள் கையில் சிக்கக் கூடாதென்று அவர்கள் குதித்ததை, படையோடு வந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே போன பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் போர்க் கௌரவப் பட்டியலில் 'சீனா 1900' என்பதும் ஒன்று.

தியான்ஜின் ஜூலை 14 அன்றே விழுந்துவிட்டது. அந்நியர்கள் நகரத்து மதிலை இடித்துத் தள்ளினார்கள். கிழக்கு மாலு, மேற்கு மாலு என்று நீ பஸ்ஸில் போகிற பெரிய ரோடுகள் அந்த மதில் இருந்த தடத்தில்தான் ஓடுகின்றன. லின் ஹெய்யர் பிடிபட்டாள் என்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்பதில் ஆளுக்கொரு கதை.

1967-இல் மாவோவின் கலாச்சாரப் புரட்சி நேரத்தில் செங்காவலர்கள் என்ற இளைஞர் கூட்டத்தார் இந்தப் பெண்களைத் தங்கள் முன்னோடிகள் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாதிரிமார்கள் எழுதியதில் இவர்கள் பேய் பிடித்த கூட்டம். படித்த சீன ஆண்கள் எழுதியதில் மூடக் கும்பல். புதிய கம்யூனிஸ்ட் அரசாங்கம் வந்த பிறகு வரலாற்றுத் துறைக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய்க் கிழவர் கிழவிகளிடம் கேட்டு எழுதினார்கள். ஆனால் அறுபது வருஷம் கழித்து, அரசாங்கத்திலிருந்து வந்து கேட்கிறவரிடம் ஒரு கிழவி மனசு திறந்து எவ்வளவு பேசியிருப்பாள்?

அதனால் உன் கேள்விக்கு அம்மாவின் பதில் இதுதான்: சிலர் நம்பியிருப்பார்கள், சிலர் நம்புகிற மாதிரி இருந்திருப்பார்கள், சிலருக்கு அதைப் பற்றிக் கவலையே இருந்திருக்காது. பதினாலு வயதில் கையில் விளக்கோடு ராத்திரி தெருவில் நடக்க விட்டார்களே, அது போதுமென்று இருந்திருக்கும்.

உன் சிநேகிதியின் பாட்டி அந்தப் பக்கத்துக்காரர் என்று சொன்னாய் அல்லவா, மண்சட்டிக்காரிகளைப் பற்றி அவர் வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறாரா என்று விசாரி. பரீட்சை முடிந்த பிறகு போ, முன்னால் வேண்டாம். ஜனவரி குளிருக்குப் பெரிய கோட்டு வாங்கப் பணம் போட்டிருக்கிறேன், அதைப் புத்தகத்தில் செலவழிக்காதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் கட்டுக்குள் இல்லை.

அன்புடன்,
அம்மா