தொடக்கப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். கழகத்தின் செயலாளர் என்ற முறையில் நிறைவுற்ற ஆண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு இவ்வாண்டில் ஒழுங்காகக் கூடியது. நிகழ்ச்சிக் குறிப்பேடு மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். எனவே அவற்றில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, பிள்ளைகள் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று எல்லாரும் கேட்கிறோம், வகுப்பில் என்ன கற்றார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்று வருந்தியது பலருக்கு நினைவிருக்கும். அதை ஒட்டி, செயற்குழு உறுப்பினர்கள் இருவர் இருவராக இப்பருவத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முழு நாள் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தோம். தலைமை ஆசிரியர் முதலில் தயங்கினார். குறை காண வரவில்லை, கற்றுக்கொள்ளத்தான் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகே இசைந்தார். அந்தத் தயக்கம் நியாயமானது என்பதை, பின்வரிசையில் அமர்ந்த முதல் மணி நேரத்திலேயே உணர்ந்தேன். நாங்கள் குனிந்து எதையாவது குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் குரல் சற்றுத் தடுமாறியது.

முதல் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லியே நாம் பிள்ளைகளை மிரட்டிவிடுகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 என்ற அட்டவணையை மாட்டிவைத்து, மேலிருந்து கீழாக ஒப்பிக்க வைத்ததுதான் நம்மில் பெரும்பாலோர் கற்ற முறை. இப்பருவத்தில் வகுப்பாசிரியை அந்த அட்டவணையைத் தொடவே இல்லை. எளிய கோடுகளால் ஆன ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளையும், மெய்க்குரிய புள்ளியையும் மட்டும் முதலில் கொடுத்தார். அவை கைவந்த அன்றே பிள்ளைகள் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொல்லைத் தானே படித்துவிட்ட பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்டு வாங்குகிறது.

சிக்கல் தொடங்கும் இடம் கொம்பு. துணைக்கால் எழுத்தின் வலப்பக்கம் வருகிறது, ஒலியும் பின்னால் நீள்கிறது. அதில் குழப்பம் இல்லை. ஆனால் 'பெ' என்னும்போது ஒற்றைக் கொம்பை முதலில் எழுதவேண்டும், அதற்குரிய ஒலியோ பகரத்திற்குப் பின்னால்தான் பிறக்கிறது. ஒலித்த வரிசையிலேயே எழுத முயலும் பிள்ளை முதலில் 'ப' எழுதிவிட்டு, கொம்பிற்கு இடமில்லாமல் விழிக்கிறது; 'பொ' என்றால் எழுத்தின் இருபுறமும் குறி வேண்டும் என்பதால் குழப்பம் இரட்டிக்கிறது. உகர வரிசையோ இன்னும் கடினம், ஏனெனில் அதற்கு ஒரே குறி கிடையாது. 'கு' ஒரு விதம். சு, பு, வு வேறு விதம். து, நு, லு மற்றொரு விதம். டு, மு, ரு, ளு இன்னொரு விதம். ஆசிரியை இவற்றை அகர வரிசையில் கற்பிக்காமல் வடிவ ஒற்றுமை பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கற்பித்தார். நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் எழுதிவரும் எனக்கு, இப்படி ஓர் ஒழுங்கு அதற்குள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளை ஆசிரியை முன்வைத்திருக்கிறார். வீட்டில் நாம் பானா, டானா என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளையும் 'பானா, டானா, இம்' என்று சரியாகச் சொல்லிவிட்டு, அவற்றைச் சேர்த்தால் 'படம்' என்று ஆவது எப்படி என்று புரியாமல் நிற்கிறது. எழுத்தின் பெயரைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம், முதலில் ஒலியை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்பதே அவ்வேண்டுகோள். மற்றொரு செய்தியும் உண்டு. தாத்தாவிடம் எழுதப் பழகிய பிள்ளை ஒன்று 'லை' என்னும் எழுத்தை, யானைத் துதிக்கைபோல் வளையும் பழைய குறியைப் போட்டு எழுதியது. தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் விடைபெற்ற வடிவம் அது. ஆசிரியை அதில் சிவப்பு மை தீட்டவில்லை. இது தாத்தா எழுத்து, நம் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லி இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினார்.

இரண்டாம் வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இவ்வாண்டில் கழகத்திற்கு வந்த எழுத்து வடிவிலான ஒரே புகார் அவ்வகுப்பைப் பற்றியது. கரும்பலகையில் கொச்சைத் தமிழை எழுதிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்பது புகார். நடந்தது இதுதான். பால்பற்கள் இருபதும் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும் வயது என்பதால், பல் விழுந்த கதையைச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்கள். 'பல்லு ஆடுச்சு, நான் ஆட்டிக்கிட்டே இருந்தேன், விழுந்துருச்சு' என்று ஒரு சிறுமி சொன்னதை அவள் சொன்னவாறே கரும்பலகையின் இடப்பக்கம் எழுதிவிட்டு, 'பல் ஆடியது; நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன்; விழுந்துவிட்டது' என்று வலப்பக்கம் எழுதி, எந்தச் சொல் எப்படி மாறியது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். 'கிட்டே' என்பது 'கொண்டே' ஆவதையும், 'ஆடுச்சு' என்பது 'ஆடியது' ஆவதையும் அவர்கள் தாங்களாகவே சொன்னதை நாங்கள் நேரில் கேட்டோம்.

செயற்குழுவில் இது நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. கருத்து வேறுபாடு முழுதும் தீரவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். என் கருத்து ஆசிரியரின் பக்கமே. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பெரியவர்கள் மறந்துவிட்டோம். வாயைத் திறந்ததும் திருத்தப்படும் பிள்ளை, எழுத்துத் தமிழ் தனக்குச் சொந்தமில்லாத வேறொரு மொழி என்று எண்ணி, மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களை மட்டுமே தாளில் இறக்குகிறது. சென்ற ஆண்டு கட்டுரை ஏடுகளில் பல ஒரே மாதிரி இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். மற்றொரு காரணம், அவற்றில் சிலவற்றை எழுதியவர்கள் பெற்றோர்களாகிய நாமே என்பது.

அதே வகுப்பில் எண்களின் பெயர்கள் பிள்ளைகளை அலைக்கழித்ததையும் பார்த்தோம். எழுபது, எண்பது என்று எண்ணிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, அடுத்து வரும் 'தொண்ணூறு' என்ற சொல்லில் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. 'நூற்று ஐந்து' என்று சொன்னால் காதில் விழுந்தபடியே 100 எழுதி அதன் அருகே 5 எழுதி 1005 ஆக்கிவிடுகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று கண்டித்துப் பயனில்லை. ஆசிரியர் 100 என்ற நீள அட்டையின்மேல் 5 என்ற சிறிய அட்டையை வலது ஓரத்தில் பொருத்தி வைக்கச் சொன்னார். ஐந்து போய் அமரும் இடத்தில் முன்பே ஒரு சுழியம் காத்திருப்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் இப்பருவத்தின் பெரும்பகுதி கழித்தலுக்குப் போயிற்று. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று விடை தந்தவர்கள் பலர். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழிப்போம் என்பது அவர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட விதி. இதற்கு மருந்தாகக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, அதிலிருந்து இருபத்தேழை எடுக்கச் சொன்னார்கள். ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகிறது. விடை 25 என்று தானாகவே வந்துவிடுகிறது. 402இலிருந்து 178 என்னும்போது நடுவில் சுழியம் இருப்பதால் பத்துக்கட்டே கையில் இல்லை. நூற்றுக்கட்டு ஒன்றைப் பத்துக்கட்டுகளாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை மீண்டும் பிரிக்கவேண்டும். அதற்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று என்றார் ஆசிரியை.

இவ்விடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பிள்ளை 52 − 27 = 15 என்று எழுதி வந்தபோது நான் கோபித்துக்கொண்டேன். பிறகு ஆசிரியை விளக்கினார். நான் படித்த முறையில், மேலே பத்தைச் சேர்த்துவிட்டு அதற்கு ஈடாகக் கீழே உள்ள இரண்டை மூன்றாக்குவோம். பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் முறையில், மேலே உள்ள ஐந்தை நான்காக்குகிறார்கள். இரண்டும் சரியான முறைகளே. என் பிள்ளை பள்ளிப்படி மேலே ஐந்தை நான்காக்கி, என் பேச்சைக் கேட்டுக் கீழே இரண்டை மூன்றுமாக்கி, இரண்டுபேருக்கும் பணிந்ததால் வந்த விடையே 15. அன்றிலிருந்து வீட்டில் நான் கழித்தல் கற்பிப்பதில்லை.

வாய்பாடு ஒப்பிப்பது குறைந்துவிட்டது என்று சில பெற்றோர் கவலைப்பட்டார்கள். குறையவில்லை, வழி மாறியிருக்கிறது. பத்துப் பத்து வரையுள்ள பெருக்கல் கட்டங்கள் 100. நான்கு ஏழும் ஏழு நான்கும் ஒன்றே என்று தெரிந்தால் மிஞ்சுவது 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய வாய்பாடுகள் எளிதில் வந்துவிடுவதால் அவற்றையும் நீக்கினால் உண்மையில் உட்கார்ந்து நெட்டுருப் போடவேண்டியவை 21 மட்டுமே. அந்த இருபத்தொன்றையும் பிள்ளைகள் அட்டையில் எழுதிப் பையில் வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு எவ்வளவு என்பதில் செயலாளரும் இன்றுவரை ஒரு கணம் யோசிப்பவர்தான்.

அறிவியலில் அவ்வகுப்பினர் ஈரப் பஞ்சில் அவரை விதைகளை வைத்து, ஒரு தட்டைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை மூடிய அலமாரியிலும் வைத்தார்கள். இருட்டில் முளைக்காது என்றே ஏறத்தாழ எல்லாரும் கை தூக்கினார்கள். இரண்டும் முளைத்தன, அதுமட்டுமன்றி, அலமாரியில் இருந்தவை வெளுத்து மெலிந்து, சன்னலோரத்துச் செடிகளைவிட உயரமாக நின்றன. முளைப்பதற்கு வேண்டிய உணவு வித்திலையிலேயே இருக்கிறது, வெளிச்சத்தைத் தேடித்தான் தண்டு அப்படி நீள்கிறது என்பதைப் பின்னர் படித்தார்கள். தாங்கள் எண்ணியது பொய்த்துப்போனதில் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பெரியவர்களிடம் நான் கண்டதில்லை.

நான்காம் வகுப்பில் பின்னம் தொடங்கியிருக்கிறது. நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆகையால் 1/4 என்பது 1/3ஐவிடப் பெரியது என்ற நம்பிக்கையைக் காகிதப் பட்டைகளை மடித்துப் பார்த்தே கைவிட்டார்கள். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8 என்பது சொல்லிலேயே அமைந்திருக்கிறது என்று ஆசிரியர் காட்டியதும், பழைய பின்னப் பெயர்களைத் தேடி வீட்டுப் பெரியவர்களிடம் போனார்கள். மா என்பது 1/20, காணி என்பது 1/80, இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயரும் மாகாணிதான் என்று மாணவன் ஒருவன் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த நாங்கள் இருவரும் எங்களை மறந்து கைதட்டிவிட்டோம். வகுப்பில் அமைதி காப்பதாக எழுதிக் கொடுத்ததை மீறியதற்கு வருந்துகிறேன்.

ஐந்தாம் வகுப்பினர் முற்றத்தில் கோல் நட்டு மணிக்கொரு முறை நிழலை அளந்தார்கள். நிழல் மிகக் குறுகியது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லாததால், கடிகாரம் பழுதா என்று கேட்டார்கள். கடிகார நேரம் பரந்த நிலப்பகுதி முழுமைக்கும் பொதுவாக வகுத்துக்கொண்டது, கதிரவன் உச்சிக்கு வரும் நேரமோ இடத்திற்கு இடம், நாளுக்கு நாள் மாறுவது என்ற விளக்கம் அவர்களுக்கு முழுதும் பிடிபடவில்லை என்று ஆசிரியரே சொன்னார். அடுத்த பருவத்தில் மீண்டும் அளக்கப் போகிறார்கள். நிலப்படம் வரைதல் தொடங்கிய அளவில் நிற்கிறது. ஓவியம், இசை வகுப்புகள் பலமுறை கணக்கிற்குக் கடன் கொடுக்கப்பட்டன. இதைச் செயற்குழு ஏற்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் தெரிவித்திருக்கிறோம்.

குறைபாடாக இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். உரக்கப் படிப்பதில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். ஆனால் தடையின்றிப் படித்து முடித்த பத்தியில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வாசிப்பு வேளையில் கேள்வி கேட்கப் பெற்றோர் சிலர் முன்வந்தால் உதவியாக இருக்கும் என்று ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

அடுத்த பருவத்தில் நான்காம் வகுப்பில் நெடுவகுத்தல் தொடங்குகிறது. அதற்கு முன்பாக, பள்ளியில் கற்பிக்கும் கழித்தல், வகுத்தல் முறைகளைப் பெற்றோருக்குக் காட்டுவதற்கு ஒரு மாலை வகுப்பு நடத்த ஆசிரியர்கள் இசைந்துள்ளார்கள். வர விரும்புவோரும், வாசிப்பு வேளைக்கு உதவ விரும்புவோரும் வாயிலருகே உள்ள ஏட்டில் பெயரை எழுதிவிட்டுச் செல்லவும். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்